லடாக் டூர் நடத்துவோருக்கு: ‘எல்லாரும் ஓகேவா?’ என்று கேட்காதீர்கள்

சென்னையிலிருந்து லடாக்குக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் டூர் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் உங்களில் ஒருவரின் குழுவில் நானும் மனைவியும் லடாக்கின் லே நகருக்குப் போய் வந்தோம். யாரென்று சொல்லப்போவதில்லை. சாப்பாட்டில் குறையில்லை, சாம்பார்கூடக் கிடைத்தது. என் மனத்தாங்கல் இரண்டாம் நாளைப் பற்றியது.

கடல்மட்டத்திலிருந்து விமானமேறி 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் இறங்கியவர்களை, மறுநாள் காலையே 5,359 மீட்டரில், கர்துங் லா கணவாயில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதிதான். எடையில் உடம்பின் 2 சதவீதமே இருக்கும் மூளைக்கு, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். தட்டுப்பாடு வந்தால் அடி அங்கேதான் விழும்.

எனக்கு விழுந்தது டீக்கடையில். நான்கு டீக்கு 500 ரூபாய்த் தாள் கொடுத்து, மீதியை மூன்று முறை எண்ணினேன். மூன்று கணக்கு வந்தது. வங்கியில் 28 வருடம் காசாளராக இருந்தவன் நான்! பையன் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்கே போய்விட்டேன். அப்போதுதான் வழிகாட்டி, “எல்லாரும் ஓகேவா?” என்றார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பொய்யில்லை, அவ்வளவு தெளிவாக இருப்பதாகத்தான் பட்டது. மனைவி எடுத்த வீடியோவில் தள்ளாடிக்கொண்டு நிற்கிறேன்.

தன் மூளை மந்தமாகிவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதானே. 2005இல் ஏதென்ஸ் அருகே விழுந்த ஹீலியோஸ் விமானத்தில், அறைக்குள் அழுத்தம் குறைகிறது என்று ஒலிப்பான் அலறியது. விமானிகள் அதை வேறொரு எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து அவர்கள் நினைவிழக்க, விமானத்திலிருந்த 121 பேரும் இறந்தார்கள். நம் விமானப்படை பெங்களூரில் விமானிகளை அழுத்தம் குறைந்த அறைக்குள் உட்காரவைத்துப் பழக்குவதும் இதற்காகத்தான்.

ஆகவே முதல் இரண்டு நாள் லேயை விட்டு மேலே ஏற்றாதீர்கள். கணவாயில் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். குதிகாலும் கால்விரலும் ஒட்டினாற்போல் நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், உளறினால், காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால் உடனே கீழே இறக்குங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கீழே இறங்குகிற வழிக்குத்தான், இறங்குவதற்குப் பதில் ஆகாது. அப்புறம், அந்த முடிவு பயணியின் கையில் இருக்கக் கூடாது. இதைச் சென்னையிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அன்று என்னிடம் எதுவும் கேட்காமல் வண்டியில் ஏற்றியவர் லடாக்கி டிரைவர்தான். வழிநெடுக அவரையும் திட்டிக்கொண்டே வந்தேன். ராத்திரி லேயில் சட்டைப்பையிலிருந்த மீதியை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் மறுபடி 40 கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய காசாளர்