செக்ரோல் எரிந்தது, பள்ளிப் பதிவேடாவது மிஞ்சட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்ததை நினைத்து இன்னும் எத்தனை காலம்தான் உருகுவீர்கள், கொசுக்கடியும் கடனும் தவிர அங்கே என்ன இருந்தது என்று கேட்டிருந்தார். கொசுவும் கடனும் இருந்தது உண்மைதான், கள்ளுக்கடையை விட்டுவிட்டார், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் எழுத வந்தது வேறு விஷயம். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட நம்மிடம் மிஞ்சாது போலிருக்கிறது, அதைப் பற்றித்தான்.

என் மகள் இங்கிலாந்தின் வடக்கே போல்ட்டன் என்ற ஊரில் தாதியாக வேலை செய்கிறாள். ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பஞ்சாலைப் புகைபோக்கியாகத் தெரிந்த ஊராம் அது. அவளுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவின் தாத்தா நூற்பாலைத் தொழிலாளி, நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து முதலாளிக்காக ஓடிய குடும்பம். அந்த அம்மா 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பக்கத்தைக் கணினியில் தட்டி எடுத்துக் காட்டியிருக்கிறார். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எந்த ஆலையில் வேலை, அத்தனையும் இருக்கிறது. நூறு வருடம் பூட்டி வைத்திருந்து 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்களாம். (அவர்களுக்கும் இழப்பு இல்லாமல் இல்லை, 1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன.) அன்றைக்கே மகள் போன் போட்டு, "அப்பா, நம்ம பூட்டன் பேர் எங்கேயாவது எழுதியிருக்காப்பா?" என்று கேட்டாள்.

எழுதித்தான் இருந்தார்கள், செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தினசரி ஆள் வருகைப் புத்தகத்தில். என் தாத்தா துறையூர்ப் பக்கம். கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர், 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். (இப்போது அது கிள்ளான் துறைமுகம், இது பெஸ்தாரி ஜெயா. பழைய பெயரைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.) தினமும் இருட்டோடு பெரட்டுக் களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடம்) நிற்க வேண்டும், கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வார், அந்தக் குறிப்பை வைத்துத்தான் சம்பளம். ரப்பர் விலை நன்றாக இருந்த காலத்தில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆக, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு ஆளின் பெயரும் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டது. எங்கள் தோட்டம் கைமாறியபோது, ஆபிசுக்குப் பின்னால் அந்தப் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்ததை என் அண்ணன் நின்று பார்த்திருக்கிறார். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய பொருள் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அது போனதால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனான், 1943இல். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வரிசை வரிசையாக, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் போட்டு. அதே பாதையில் அவர்களைவிட அதிகமாகச் செத்த நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. எந்தத் தோட்டத்திலிருந்து யாரைக் கொண்டுபோனார்கள், யாருடைய பெயர் எந்த மாதத்தோடு நின்றது என்று சொல்லக்கூடியது செக்ரோல் ஒன்றுதான். எங்களுடையது சாம்பலாகிவிட்டது.

நான் பிறந்தது ஐம்பதுகளின் கடைசியில். அம்மா காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போய்விடுவார், நாங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் கிடப்போம். கொஞ்சம் வளர்ந்ததும் பள்ளி விடுமுறையில் நாங்களும் கூடப் போய் மரத்தில் பால் வடியும் மங்குகளில் உறைந்துகிடக்கும் கட்டிப்பாலைப் பொறுக்குவோம், அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. சம்பள நாளில் துணிமூட்டைக்காரர் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்துவிடுவார், அவருக்குப் பின்னாலேயே வட்டிக்காரரும் வருவார். மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள், துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், இருந்தாலும் எங்களுக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும், பெரியவர்கள் விரட்ட மாட்டார்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம், ஒரே கொட்டகைக்குள் எல்லா வகுப்பும். துரைமார் ஆசைப்பட்டுக் கட்டியது இல்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது, அதனால் வந்தது.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) 1917இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. நட்டவர் ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று எங்கே தேடினாலும் வருகிறது. அவர் ஒருவரே மண்வெட்டியோடு இறங்கிக் குழி வெட்டியிருக்க மாட்டார் அல்லவா? பின்னாளில் ரப்பரை அழித்துச் செம்பனை வந்தது, அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை, அப்புறம் நிலத்துக்கே விலை ஏறியது, சனம் அடுக்குமாடிக்குப் போய்விட்டது.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் நன்கொடைக் கணக்கு, சுடுகாட்டில் சிமெண்டுப் பலகைகள். இவைதான். நாடு முழுக்கத் தோட்டப் பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போவது நியாயம்தான். ஆனால் மூட்டை கட்டும்போது பழைய பதிவேடுகளைக் கரையான் அரித்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல பள்ளிகள் தோட்டப் பெயரை விடாமல் வைத்திருப்பதைப் பாராட்டுகிறேன், தோட்டம் என்பதற்கான "லாடாங்" என்ற மலாய்ச் சொல் பெயரில் இருந்தால் பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்று பேசும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

இப்போது வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்காகப் பலர் திடீரென்று தாத்தா, பூட்டன் பத்திரம் தேடுகிறார்கள். கிடைத்தாலும் பெயர் ஒத்துப்போவதில்லை. எங்கள் வீட்டிலேயே அண்ணன், நான், தங்கை மூன்று பேருடைய பிறப்புப் பத்திரத்திலும் அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கிறது, யாரோ ஒரு கிராணி காதில் விழுந்ததை எழுதிவிட்டார். அப்பா, அம்மா பெயர், லய எண், பிறந்த தேதி மூன்றும் ஒரே வரியில் இருக்கும் பள்ளிப் பதிவேடுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

ஆகவே பள்ளி வாரியங்களுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய ஆவணக் காப்பகம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். உங்கள் நாளிதழும் ஞாயிறுதோறும் அரைப் பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு தோட்டம் என்று வாசகர்களிடம் கேட்டு, அங்கே இருந்த குடும்பங்களின் பெயர்களையும் சொந்த ஊரையும் போடலாம். புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், ராஜா மூசா என்று எங்கள் பக்கமே பல வாரம் ஓடும். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண், முகவரி எதையும் போட வேண்டாம், பெயரும் ஊரும் போதும். எங்கள் பள்ளியின் அறுபதுகளின் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அனுமதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால் முதல் வாரத்துக்கு அதிலிருந்தே பெயர்களை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.