மினிக்காய்க் காயலில் தூண் நடும் முன்

லட்சத்தீவு நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் அடுக்களையில் மாசிக் கருவாடு இடிக்கும் சத்தம் கேட்டால், சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று பொருள். கட்டையாக இறுகிப்போன அந்தச் சூரை மீன் துண்டை உங்கள் மினிக்காய்த் தீவில் மாஸ்மின் என்கிறார்கள். உங்கள் ஆட்சிப் பகுதியைப் பற்றிப் பேச எனக்கு உள்ள உறவு இவ்வளவுதான். பேச வந்தது, அந்தத் தீவின் காயலில் நீர்மேல் விடுதி கட்டும் திட்டத்தைப் பற்றி.

மக்கள் வாழும் தீவுகள் 10, மொத்தப் பரப்பு 32 சதுர கி.மீ., 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். சட்டமன்றம் கிடையாது. மக்களவைக்கு ஒரே ஒரு உறுப்பினர். மற்றதெல்லாம் உங்கள் மேசையில்தான் முடிவாகிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தீவு மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது. கிணற்றில் கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். 2005-ல் கவரத்தியில் சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஒரு நிலையம் அமைத்தது. மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு மினிக்காய்க்கும் அகத்திக்கும் அது போனது. தீவின் குணமறிந்து செய்த வேலை. (பம்பை ஓட்டும் மின்சாரத்துக்கு டீசல் மட்டும் கரையிலிருந்து கப்பலேறி வரவேண்டியிருந்தது!) 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து இணையத்துக்கான கடலடிக் கேபிளும் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி.

ஆனால் 2021-ல் நடந்ததை மறக்க முடியவில்லை. எந்த நிலத்தையும் வளர்ச்சிக்கென்று எடுத்துக்கொள்ள வழிவிடும் சட்ட வரைவு வந்தது. கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய ஐந்து துறைகளை மாவட்டப் பஞ்சாயத்திடமிருந்து உங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்துத் தீவுக்காரர்கள் வீட்டு வாசலில் பட்டினி கிடந்தார்கள். அதே ஆண்டில் மினிக்காய், கத்மத், சுகேலி தீவுகளில் கடற்கரை, நீர்மேல் விடுதிகளுக்கு டெண்டர் கோரப்பட்டது.

மினிக்காய்க்காரர் சூரையை வலைபோட்டு வாருவதில்லை. விடியுமுன் காயலுக்குள் பொடிமீன்களை உயிரோடு பிடித்துப் படகுத் தொட்டியில் சேர்க்கிறார். வெளிக்கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் அவற்றை வீசி, தண்ணீரைத் தூவி, கூட்டம் மேலெழும்பியதும் முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார். உயிரிரை இல்லாத நாளில் படகு சும்மா கிடக்கும். அந்தப் பொடிமீன் வளர்வது காயலின் பவளத்தில். 1998, 2010, 2016 எனக் கடல் சூடேறி வெளுத்த பவளம் அது. அதற்குள் தூண் இறக்கி, சேறு கிளறி, கழிவுநீர் விட்டால் முதலில் காலியாவது இரைத்தொட்டி, பிறகுதான் மாஸ்மின். விடுதி வேலைவாய்ப்பு தரும் என்பார்கள். தரட்டும். சொந்தப் படகில் போகிறவரை அறை பெருக்கக் கூப்பிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேட்பது இரண்டு. மீன்வளத் துறையையாவது முதலில் பஞ்சாயத்திடம் திருப்பிக் கொடுங்கள். காயலுக்குள் எந்தக் கட்டுமானமானாலும், மினிக்காயின் ஒவ்வொரு ஊர்ப் பெரியவரையும் படகோட்டிகளையும் உட்காரவைத்து, அவர்கள் மொழியான மஹலில் திட்டத்தைப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே தொடங்குங்கள். வேண்டாம் என்றால், அந்த இடத்தில் வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பெயரிலும் காயல் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாசிச் சம்பலுக்குக் கடன்பட்ட ஒருவன்