‘மதராஸ் பிரசிடென்சி’ ஸ்குவாட்ரன் பதக்கக் கண்காட்சி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மார்ச் 15-க்குள் ஷோகேஸ் செய்பவருக்கு மீதிப் பணம் கட்டியாக வேண்டும். இன்னும் ₹1,25,500 குறைகிறது. அதனால்தான் மறுபடியும் உங்கள் வாசலில் நிற்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் நம் மாகாணம் திரட்டிக் கொடுத்த நிதிக்காக, பிரிட்டிஷ் விமானப் படையின் 35-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) ‘மதராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் சூட்டினார்கள். (எல்லாரும் மனமுவந்துதான் கொடுத்தார்களா என்பது தனிக்கதை.) நாலு எஞ்சின் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் முதன்முதலில் போருக்குப் போனது இந்த ஸ்குவாட்ரனில்தான், 1941 மார்ச்சில். 1944-ல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய லெனார்ட் செஷயர் 1941-ல் இங்கே விமானி. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் செஷயர் இல்லங்கள் அவர் பெயரில் நடப்பவைதான். 1942 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போன இவர்களுடைய ஹாலிஃபாக்ஸ் ஒன்று நார்வேயில் உறைந்த ஏரிமேல் இறங்கியது. ஒருவர் கணுக்கால் முறிந்து சிறைப்பட்டார்; மற்றவர்கள் நடந்தே ஸ்வீடன் சேர்ந்தார்கள். 1973-ல் ஏரியிலிருந்து எடுத்த அந்த விமானம் இன்று லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்காட்சிக்கு இரவலாக வருபவை ஒரு டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்), இரண்டு டி.எஃப்.எம். (டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் மெடல்); இரண்டும் விமானப் படை வீரப் பதக்கங்கள். ஒரே விமானம், ஒரே இரவு, ஒரே துணிச்சல் என்றாலும் அதிகாரிக்கு டி.எஃப்.சி., சார்ஜெண்டுக்கு டி.எஃப்.எம். அந்தச் செயலிலேயே உயிர் விட்டவருக்கு இரண்டுமே கிடையாது. எதிரியோடு மோதியபோது காட்டிய வீரத்துக்கு இறந்தபின் கொடுக்கக்கூடிய பதக்கம் அன்று விக்டோரியா கிராஸ் ஒன்றுதான். டி.எஃப்.எம். முட்டை வடிவ வெள்ளி, விளிம்பில் வீரரின் பெயர் பொறித்திருக்கும். பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பல பதக்கங்களில் அந்தப் பெயர் மழுங்கிப்போயிற்று. ரிப்பனிலும் ஏமாறுகிறார்கள்: இரண்டிலும் ஊதா-வெள்ளைச் சாய்கோடுதான், டி.எஃப்.எம்.முக்குக் கோடு பாதி அகலம்.

சாதாரண ப்ளைவுட் பெட்டி போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. ப்ளைவுட் பசை அமில ஆவி விடும். கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் விடும், வெள்ளி கறுக்கும். கூவம் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளிச்சம் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தாண்டினால் ரிப்பனின் ஊதா வெளுத்துவிடும். அதனால் பவுடர் கோட்டிங் ஸ்டீல் ஷோகேஸ் 2: ₹1,84,000. அமிலமில்லா அட்டை, பாலியெஸ்டர் ஃபிலிம், சிலிகா ஜெல், ஈரப்பத மீட்டர்: ₹37,500. இன்ஷூரன்ஸ், போக்குவரத்து: ₹96,000. விளக்கப் பலகை 12, ஒன்று ₹4,500 வீதம்: ₹54,000. ஆக ₹3,71,500. வந்தது ₹2,46,000.

அந்த இரண்டே கால் லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் தந்தவர்களுக்கு எங்கள் கைகூப்பு. பென்ஷன் வந்த அன்றே மாதாமாதம் ₹500 அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், சதாபிஷேக விருந்தைச் சுருக்கி ₹40,000 கொடுத்த தம்பதிக்கும், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் குறையில்லாமல் கொடுக்கட்டும். பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள். போன கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்ன பெரியவர்களில் 11 பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம். பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

₹100 கூடப் போதும், ரசீது உண்டு. காசோலையைக் குழுவின் பெயருக்கே எழுதுங்கள், தனிநபர் பெயருக்கு வேண்டாம். வீட்டில் பழைய பதக்கம் ஏதும் இருந்தால் துடைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்லக் காசு வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்