சும்மா கிடக்கும் சேறு

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த சேதியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே தேவகோட்டையில் மழை பரவாயில்லை. உங்கள் வளவில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. பங்காளிகள் இன்னும் கணக்குப் பேசி முடிக்கவில்லை.

போன வாரம் மருமகனோடு காரங்காட்டுக்குப் போயிருந்தேன், தொண்டிக்குத் தெற்கே. அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பிள்ளைகள் படகேறப் போய்விட்டார்கள், நான் கரைச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்திய கொசு உள்ளான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது கிராம்கூடத் தேறாத குருவி. முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில், குளிருக்கு நம் கரை. வழியில் கிடைக்கிற சேற்றில் புழு பூச்சி தின்று கொழுப்பு ஏற்றினால்தான் அடுத்த பறத்தல்.

நடுவில் ஓர் இடம் போனால் என்ன? பறவைதானே, வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். தென்கொரியாவில் சேமாங்கியம் என்ற கழிமுகத்தை 2006-ல் சுமார் 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி அடைத்தார்கள். அங்கே இறங்கி இரை தேடிய 'கிரேட் நாட்' என்ற பெரிய உள்ளான்களில் ஏராளமானவை வேறெங்கும் போய்ப் பிழைக்கவில்லை. குளிருக்கு அவை போய்ச் சேரும் ஆஸ்திரேலியாவில் எண்ணிக்கையே சரிந்தது. பக்கத்துப் பந்தியில் ஏற்கெனவே இலை நிறைந்திருக்கும்போது எங்கே உட்காருவது? 2018-ல் சீனா கடற்கரையைத் தூர்ப்பதற்குக் கடிவாளம் போட்டது, அதுவரை நல்லது. ஆனால் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில், 2024-ல் சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் ஆபத்தில் இருப்பவையாக ஏறிவிட்டன. இரண்டும் நம் கரைக்கு வருகிறவை.

எனக்கு உறுத்துவது இதுதான். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில், பறவை மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே பறவை கூடு கட்டுகிறது, குஞ்சு பொரிக்கிறது, ஊர் அதைக் கண்ணால் பார்க்கிறது. உள்ளான் இங்கே கூடு கட்டாது. வந்து தின்றுவிட்டுப் போய்விடும். அதன் இடமும் ஏட்டில் புறம்போக்கு, பேச்சில் தரிசு. நம் ஐயாக்கள் ஊருணி வெட்டினார்கள், கால் நனைக்காதே என்று கட்டுப்பாடு வைத்துக் காத்தார்கள். அலைச் சேற்றுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் அது முதலில் போகிறது. கரையோர இறால் குட்டைகளை உச்ச நீதிமன்றம் 1996-ல் தடுத்தது. 2005-ல் வந்த சட்டம் மறுபடி வழி விட்டது. இறாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தொண்டியில் வாங்கித் தின்கிறவன்தானே நானும். எந்தச் சேற்றை விட்டுவைப்பது என்று முதலில் குறித்துவிட்டு, அப்புறம் பண்ணைக்கு இடம் கொடுக்கட்டும் என்கிறேன்.

உங்கள் சிங்கப்பூரில் இடம் எவ்வளவு நெருக்கடி! அங்கேயே சுங்கை பூலோவை 2002-ல் காப்பகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு போய்வா. அங்கே ஊர்க்காரர்களுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா என்று விசாரித்து எழுது, எனக்குத் தேவைப்படுகிறது.

தைக்கு வருகிறாய் அல்லவா? கோடியக்கரை போவோம். சிங்கப்பூரில் நல்ல தொலைநோக்கி கிடைத்தால் வாங்கி வா, பணம் இங்கே தந்துவிடுகிறேன். மீனாளுக்கு மணகோலமும் சீப்புச் சீடையும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீயே தின்று தீர்த்துவிடாதே.

அன்புடன்,
அழகப்பன்