சாவியைத் தங்கையிடம் கொடுங்கள், அப்பா

பர்மிங்காம்,
ஆகஸ்ட் 18.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்கள், அம்மா, தங்கை மூவரும் நலமாக இருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும் பத்திரமாக வந்து சேர்ந்தன என்று சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, புல்லட்டை விற்றுவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னீர்கள். ஐந்து ரோட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்து நல்ல விலை சொல்லியிருப்பதையும், உங்கள் முழங்கால் இனிமேல் கிக்கரை மிதிக்காது என்பதையும், தங்கை அந்த வண்டியைக் கேட்கிறாள், பெண்பிள்ளைக்கு அவ்வளவு கனமான வண்டி எதற்கு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தீர்கள். தொலைபேசியில் மறுத்துப் பேசியிருந்தால் அது வாக்குவாதமாக மாறியிருக்கும். அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு நாள் யோசித்து, இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வண்டியை விற்க வேண்டாம் என்று கேட்பதற்கு முன், இந்த நாட்டில் வண்டியைப் பற்றி நான் கண்டவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்த முதல் ஆண்டு நான் வண்டியைத் தொடவே இல்லை. நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை ஓட்டலாம் என்பது சட்டம். ஆனால் கையில் பணமும் இல்லை, வெளியே வெளிச்சமும் இல்லை. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்பு வண்டியின் இரும்பையெல்லாம் அரித்துவிடும் என்பதால், இங்குள்ளவர்களில் பலர் குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகையில் ஏற்றி, பேட்டரிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மார்ச் மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நம் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் புல்லட்டை அப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இவர்களுடைய வண்டி மூன்று மாதம் தூங்குகிறது. நம்முடையது மூன்று ஆண்டுகளாகத் தூங்குகிறது.

அந்த 12 மாதம் முடிந்த பிறகு, புதிதாகப் பழகுபவனைப் போல எல்லாத் தேர்வுகளையும் எழுத வேண்டியிருந்தது. முதலில் ஒரு நாள் கட்டாயப் பயிற்சி. பிறகு 50 கேள்விகளில் 43-க்குச் சரியான விடை சொல்ல வேண்டிய எழுத்துத் தேர்வு. அதன் பிறகு மைதானத்தில் ஒரு தேர்வும் சாலையில் ஒரு தேர்வும். மைதானத் தேர்வில் கால் தரையில் படாமல் மெதுவாக வண்டியைத் திருப்பிக் காட்ட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்தியும் காட்ட வேண்டும். கால் ஊன்றாமல் திரும்பும்போது தேர்வாளர் என்னை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் நகரும் லாரிக்குப் பின்னால் அரை கிளட்சில் ஊர்ந்து ஏற எனக்குப் பதினெட்டு வயதில் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் என்பது அவருக்குத் தெரியாது. இருந்தும் சாலைத் தேர்வில் முதல் முறை தவறினேன். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்க வேண்டும், கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது. அதை இங்கே 'லைஃப் சேவர்' என்கிறார்கள். அந்தப் பார்வையை ஓரிடத்தில் மறந்துவிட்டேன். இரண்டாம் முறை தேறினேன்.

பிறகு நம் புல்லட்டைச் செய்யும் அதே ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் இன்டர்செப்டர் 650 ஒன்றை வாங்கினேன். ஒருவர் நான்கு ஆண்டு ஓட்டிய வண்டி. வாங்கும்போது அவர் பெருமையாகச் சொன்னார், இது இந்தியாவில் செய்தது என்று. சென்னைக்குப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த வண்டியை ஓர் ஆங்கிலேயர் எனக்கு அறிமுகப்படுத்தினார். எனக்கு அப்போது வாயில் வார்த்தை வரவில்லை.

இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரெதிரே கடக்கும்போது தலையை அசைத்துக்கொள்வார்கள். யார், எந்த நாட்டவர், என்ன வண்டி என்று பார்ப்பதில்லை. பேருந்தில் ஓர் ஆண்டு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. வண்டியில் புறப்பட்ட முதல் நாள் காலையிலேயே பதினோரு பேர் எனக்குத் தலையசைத்தார்கள். எண்ணினேன், அப்பா. அதே ஆட்களில் சிலர் இரவு நேரத்தில் ஊதியம் எதுவும் வாங்காமல் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு இரத்தத்தையும், குறைமாதக் குழந்தைகளுக்கான தாய்ப்பாலையும் தங்கள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும் இடத்தின் பெயர் மேட்லாக் பாத். இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். டெர்வென்ட் என்ற ஆறு, அதையொட்டி ஒரே ஒரு கடைத்தெரு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரம் அடர்ந்த செங்குத்துப் பாறை. கோரிமேடு தாண்டி அடிவாரத்தை நெருங்கும்போது மலை திடீரென்று எதிரில் எழுந்து நிற்குமே, அந்த நினைவு வரும். வெயில் அடிக்கும் நாளில் அந்தத் தெருவின் ஓரம் முழுவதும் வண்டிகள் சாய்ந்து நிற்கும். கையில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் மடித்த காகிதத்தோடு மனிதர்கள் ஒவ்வொரு வண்டியாக நின்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். உரிமையாளர் பக்கத்தில்தான் இருப்பார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வண்டியைத் தொடாதே என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்து ஹாரனை அடிக்கச் சொல்வார்கள்.

அங்கேதான் ஜூன் மாதத்தில் உங்கள் வண்டியைப் பார்த்தேன். அதே பச்சை, அதே டேங்க், ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் அதே இரண்டு சின்ன டைகர் லைட். டேங்கில் 'ராயல்' இல்லாமல் 'என்ஃபீல்டு' மட்டும். திருவொற்றியூர் ஆலையிலிருந்து 1977 முதல் புல்லட்டுகளை இந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள் அல்லவா, அப்படி வந்தவற்றில் ஒன்று. உங்களுடையதற்கு ஐந்து வயது மூத்தது. நான் நெடுநேரம் நின்று பார்ப்பதைக் கண்டு அதன் உரிமையாளர் பேச்சுக் கொடுத்தார். எழுபதைக் கடந்தவர், ஊர் ரெட்டிட்ச். அவருடைய தந்தை ரெட்டிட்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம்.

ரெட்டிட்ச் என் அறையிலிருந்து 25 கிலோமீட்டர்தான். உலகத்துக்கெல்லாம் தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர் அது. ஊசி செய்த ஒரு கம்பெனிதான் சைக்கிளுக்கு மாறி, பிறகு என்ஃபீல்டு ஆகி, 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கிய வேலை நின்றுவிடவில்லை. ஆனால் ரெட்டிட்ச் தொழிற்சாலையை 1960-களின் கடைசியில் மூடிவிட்டார்கள். பெரியவரின் தந்தைக்கு அந்த வேலை போனது. தந்தை செய்த வண்டியை இனி வாங்க வழியில்லை என்றிருந்தபோது, அதே வண்டியை நம் ஊரார் செய்து அனுப்பினார்கள் என்பதால் அதைத் தேடி வாங்கியதாகச் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதிய 22 ஆண்டுகளும் அழகாபுரத்திலிருந்து அந்த ஒரே வண்டியில் ஏறி இறங்கியதையும், மார்ச்சில் மழை பெய்து காப்பிச் செடி பூத்தால் பதினைந்தாவது வளைவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த வாசத்துக்காக நிற்பீர்கள் என்பதையும், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்று எனக்கு அடித்துச் சொன்னதையும் சொன்னேன். வளைவுகள் எப்படி இருக்கும் என்று கேட்டார். மீன் மடித்த காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். இங்கும் பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டு போகும் மலைச்சாலை வளைவுகளுக்குப் பெயர் பெற்றது, அழகான சாலைதான், ஆனால் நம் பாதைபோல மடிந்து மடிந்து ஏறுவதில்லை. காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் எனக்காகக் காத்திருந்தார். இந்த நாட்டில் ஒருவர் வண்டியை இன்னொருவர் இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் தொட முடியாது. அவர் கம்பெனிக்குத் தொலைபேசி செய்து, கூடுதல் பணமும் கட்டி, தன் இன்சூரன்சில் என் பெயரையும் ஏற்கெனவே சேர்த்திருந்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "உன் அப்பா ஓட்டுவது போல் ஓட்டு" என்றார். இரண்டே முறை பார்த்த மனிதர், அப்பா.

சாவியைத் திருப்பினேன். கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு நூல் கீழே இறக்கி, விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் வைத்து ஒரே மிதி. முதல் மிதியிலேயே எடுத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஒன்று மேலே, மூன்று கீழே. என் பாதத்துக்கு எதுவும் மறக்கவில்லை. ஆற்றோரமாக எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் என் முகம் அப்போது யாருக்கும் காட்டும் நிலையில் இல்லை.

அந்தக் கூட்டத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார் வருகிறார். 200 கிலோவைத் தாண்டிய ட்ரையம்ஃப் வண்டியில் தனியாக வருகிறார். நம் தங்கையின் உயரம்கூட இருக்க மாட்டார். கீழே விழுந்தால் எப்படித் தூக்குவீர்கள் என்று கேட்டதற்கு, தன் வண்டியை மெல்லப் புல்தரையில் சாய்த்தே காட்டினார். கியரில் போட்டு, ஹாண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பைப் பொருத்திக் குத்துக்காலிட்டு, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, தொடையின் பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தார். வண்டி எழுந்து நின்றுவிட்டது. முதுகை வளைத்துத் தூக்குகிற ஆண்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். நம் புல்லட் 160 கிலோவுக்குச் சற்று மேல். தங்கை நெல் மூட்டையைத் தோளில் சுமக்கப்போவதில்லை. ஓடும்போது அந்தக் கனத்தைச் சக்கரம்தான் சுமக்கிறது.

அவள் கியர் வண்டிக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்து ஆறு ஆண்டாகிறது. சேலம் போக்குவரத்தில் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். எனக்குப் பதினெட்டு வயதில் நீங்கள் கொடுத்த நம்பிக்கையை அவளுக்கு இருபத்தாறு வயதில் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எனக்குத் தன் தந்தையின் நினைவைத் தூக்கிக் கொடுத்தார். நீங்கள் கொடுக்கப்போவது உங்கள் மகளிடம். வாங்க வந்தவரிடம், வீட்டில் ஓட்ட ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே வரச் சொல்லி, கார்புரேட்டரைக் கழுவி, பாயின்ட் இடைவெளி பார்த்து, எஞ்சின் ஆயிலும் கிளட்ச் கேபிளும் மாற்றச் சொல்லுங்கள். டயர் இரண்டும் வெடிப்பு விட்டிருக்கும். புதிதாகவே போட்டுவிடலாம், செலவு என்னுடையது. இந்த நாட்டில் 40 ஆண்டைக் கடந்த வண்டிக்குச் சாலை வரி கிடையாது. நம் ஊரில் அப்படி இல்லை, ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எனவே தேதியைப் பார்த்துவிடுங்கள். இன்சூரன்சும் முடிந்திருக்கும்.

கிக்கர் பழக்கத்தை நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். மிதிப்பது அவள் கால், முள்ளைப் பார்ப்பது உங்கள் கண். கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் போய்விடும் என்பதை என்னிடம் சொன்ன அதே அழுத்தத்தோடு சொல்லுங்கள். முதல் வாரம் நம் தெருவும் அழகாபுரமும் போதும். வலது கால் கியருக்குப் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன், நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு மலைக்குப் போய்வாருங்கள். இறங்கும்போது கியரை விடக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு வளைவிலும் நினைவூட்டுங்கள்.

தனியே ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் உங்களுக்கு முழங்காலுக்குக் கட்டும் பட்டை இருக்கிறது. கறுப்புத் தோல் கையுறை ஒரு ஜோடி இருக்கும். உங்கள் கைக்குச் சேராது. அது அவளுடைய அளவு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்