குளிசைக்கும் ஒரு பெயர் இருக்குத்தானே, டொக்டர்?

மட்டக்களப்பில் பின்னேரங்களில் டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர்மாருக்கு,

வணக்கம். நான் படுவான்கரைக்காரி, கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் போவது மண்முனைப் பாலம் தாண்டி, கல்முனை வீதியோரம் இருக்கிற ஒரு டிஸ்பென்சரிக்குத்தான். எந்த டிஸ்பென்சரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது ஒருவர் மேல் எழுதிய முறைப்பாடாகிவிடும். நான் எழுத வந்தது உங்கள் எல்லாருக்கும், நீங்கள் கட்டித் தருகிற பையில் மருந்தின் பெயர் இல்லாததைப் பற்றி.

அந்த டொக்டர் நல்ல மனுசன். 2014 இல் பாலம் திறக்கும் முன்பு, பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து போன காலத்திலிருந்தே எங்கள் அம்மா அவரிடம்தான் மருந்து எடுக்கிறா. 2022 இல் பெற்றோலும் இல்லை, பாமசியில் மருந்தும் இல்லை என்றிருந்த மாதங்களில், 'காசைப் பிறகு தாங்கோ' என்று சொல்லி எத்தனை பேருக்கு மருந்து கட்டிக் கொடுத்தார் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். மகிழடித்தீவு ஆஸ்பத்திரியில் காலையில் காசில்லாமல் காட்டலாம்தான். ஆனால் எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்குக் காலை ஏது? நீங்களும் அரசாங்க வேலை முடிந்துதான் பின்னேரம் வந்து இருக்கிறீர்கள். ஆக, இரண்டு பக்கமும் களைத்துப்போன நேரத்தில்தான் சந்திக்கிறோம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

தான்தோன்றீஸ்வரர் தேர் முடிந்த மறுவாரம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கோயிலில் நெடுநேரம் நின்றதால்தான். நான் வேலையில் இருந்ததால் தம்பியின் மோட்டார் சைக்கிளில் போய் வந்தா. நாலு கடதாசிப் பைகள். ஒன்றில் '1-0-1', இன்னொன்றில் '1-1-1', மற்ற இரண்டில் 'இரவு 1'. சாப்பாட்டுக்குப் பின் என்று ஒரு கோடு. அவ்வளவுதான் எழுத்து. முதல் குளிசையிலேயே வலி குறைந்துவிட்டது என்று அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். ஐந்து நாள் குடித்து முடித்ததும், திரும்பவும் ஆள் அனுப்பி அதே மருந்தைக் கட்டுவித்தா.

பத்தாம் நாள் கால் இரண்டும் வீங்கி, சலம் போவதும் குறைந்து, மூச்சும் வாங்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை இரவு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாட்டில் இருந்த இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன குளிசை பாவிச்சவங்க?" நான் பைகளைக் கட்டிலில் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா தன் பங்குக்கு, "ரோஸ் கலர் ஒண்டு, வெள்ளை ரெண்டு, மஞ்சள்ல ஒரு பாதி, புள்ள" என்று விளக்கம் சொன்னா. தாதி ஒரு வெள்ளைக் குளிசையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்து, அதிலிருந்த எழுத்தை வாசிக்கப் பார்த்தா. எழுத்து இல்லை. டிஸ்பென்சரிக்கு அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் பதினோரு வருசமாக. பிரசருக்கு லோசாட்டன் எடுக்கிறா. அவவுடைய கிளினிக் கொப்பியில் அதெல்லாம் இருக்கிறது, ஆனால் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது. டிஸ்பென்சரிக்கு அதைக் கொண்டுபோகவில்லை. டொக்டரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அன்றைக்கு டிஸ்பென்சரி வரிசையில் அம்மாவின் நம்பர் 63.

மறுநாள் பின்னேரம் மருந்து கட்டுகிற தங்கச்சி போனை எடுத்தா. பாவம், பயந்துவிட்டா. டப்பாவைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தா. '1-0-1' என்று எழுதியிருந்தது டைக்ளோஃபெனாக் என்கிற வலிக்குளிசை. சீனியால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகம், லோசாட்டன், அதன் மேல் பத்து நாள் டைக்ளோஃபெனாக் என்று வாட்டு டொக்டர் விரல் மடித்துக் காட்டினார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேற்றினின் இரத்தத்தில் ஏறியிருந்தது. நல்லவேளை, நிறுத்தியதும் இறங்கத் தொடங்கியது. அம்மா ஒன்பது நாளில் வீடு வந்துவிட்டா.

டைக்ளோஃபெனாக் கொடுத்தது பிழையா, சரியா என்று வாதாட எனக்குப் படிப்பு இல்லை. முழங்கால் வலிக்கு எத்தனையோ பேர் எடுக்கிற மருந்துதான் அது. எனக்குப் பொறுக்காதது அந்த ஒரு இரவும் ஒரு பகலும். கட்டிலில் ஒரு மனுசி மூச்சு வாங்கக் கிடக்கிறா, குடித்த மருந்து கைக்கெட்டுகிற தூரத்தில் பையில் இருக்கிறது, ஆனால் அது என்னவென்று அந்த வாட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடையில் ஒரு பிஸ்கட் பக்கற் வாங்கினால்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, டொக்டர்.

ஏன் எழுதுவதில்லை என்று ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த முறை நேராகப் பாமசிக்குப் போய்விடுவார்கள், டொக்டருக்கு வருமானம் போய்விடும் என்பது ஒன்று. பெயர் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே குளிசையை வாங்கிக் கொடுப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் மறுக்கமாட்டேன், நாங்கள் அப்படித்தான். ஆனால் பெயர் தெரியாமலே அம்மா ஆள் அனுப்பி அதே மருந்தை இன்னொரு தரம் எடுக்கவில்லையா? பக்கத்து வீட்டு மாமிக்கும் அந்த ரோஸ் குளிசையில் இரண்டு கொடுத்திருக்கிறா, அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பெயரை மறைத்து ஒன்றும் தடுபடவில்லை.

எங்கள் பக்கத்துப் பிழைகள் நிறைய. ஊசி போடாத டொக்டரைக் கெட்டிக்காரர் என்று எங்கள் சனம் ஏற்காது. இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் வேறு டிஸ்பென்சரி, நாலாம் நாள் இன்னொன்று. அதனால்தான் பெயர் இன்னும் அவசியம் என்கிறேன். மாரி வந்துவிட்டால் எங்கள் பக்கம் டெங்குவும் வந்துவிடும். 2017 இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்ததை மறக்கவில்லை. டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிற்றமோலைத் தவிர வேறு வலிக்குளிசை கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம் என்று படிப்பித்தவர்களே நீங்கள்தான். வேறு டிஸ்பென்சரியின் பெயரில்லாப் பையோடு ஒரு பிள்ளை மூன்றாம் நாள் உங்களிடம் வந்தால், உங்களுக்கே அது இருட்டுத்தானே?

மருந்தின் பெயர் இந்த நாட்டுக்குப் புதிய சண்டையும் இல்லை. கொம்பனிப் பெயரை விட்டுப் பொதுப்பெயரால் மருந்தை எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று நின்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். எந்தப் பெயரை எழுதுவது என்று அவர் போராடினார். ஐம்பது வருசம் கழித்து, ஏதாவது ஒரு பெயரை எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, எழுதுகிற கையோடு சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைக்குள்ளேயே அடுத்த இரண்டு நம்பர்காரரையும் வாங்கில் இருத்துகிறீர்கள். நேரம் மிச்சம், விளங்குகிறது. ஆனால் பொம்பிளைகள் வந்த வருத்தத்தைச் சொல்லாமல் 'தலையிடி' என்று சொல்லிவிட்டு எழும்பி வருகிறார்கள். நானே அப்படி ஒருமுறை தலையிடிக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறேன். அந்த வாங்கைக் கதவுக்கு வெளியே போட்டால் போதும்.

பையில் எழுத நேரமில்லை, 80 பேர் இருக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். மருந்து கட்டுகிற தங்கச்சியே எழுதலாம், டப்பா அவவின் கையில்தான் இருக்கிறது. பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு. கை வலிக்குமென்றால் ரப்பர் முத்திரை அடிக்கலாம். நீங்கள் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து முப்பது, நாற்பது வகைக்கு மேல் இருக்காது என்பது என் ஊகம்.

2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிகிறார்கள், மேலிடத்துக்கு எழுது என்று தம்பி சொல்கிறான். எழுதலாம். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்து, அதற்குப் பிறகு அம்மா உங்கள் முன்னால் வந்து இருப்பதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதுதான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவவின் வருத்தங்களும் கிளினிக் மருந்துகளும் என் கையெழுத்தில் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்திலிருந்து வெறுமை. வருகிற வியாழக்கிழமை முழங்காலைக் காட்ட அவரிடமே வருகிறா, வேறு டொக்டரிடம் போகமாட்டாவாம். கொப்பிக்குள் ஒரு பேனையும் வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு மகள்