மாவலி சுற்றிய இரவும் சில வீட்டுச் செய்திகளும்

திண்டிவனம்,
22 டிசம்பர் 2024.

அன்புள்ள நண்பனுக்கு,

புயலுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்த உன் கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுத முடிகிறது. தாமதத்துக்குக் காரணம் உனக்கே தெரிந்திருக்கும். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், ஏறிய இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்ததில், எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் மனைவி, மாற்றுக்கு ஆள் வர வழியில்லாமல் இரண்டு நாள் அங்கேயே தங்கிப் பணி செய்துவிட்டுத்தான் திரும்பினாள். கிராமத்தில் அம்மா நலம். மாட்டுக்கொட்டகையின் கூரை மட்டும் போயிற்று. அதை மீண்டும் வேய்ந்தாகிவிட்டது.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். மூன்று வயது மகளை அருகில் வைத்துக்கொண்டு சமையலையும் வீட்டுவேலையையும் எப்படி முடிப்பது என்பது ஒன்று. வரும் விடுமுறையில் அவளுக்குக் கைவேலை கற்றுக்கொடுக்க என்ன பொருள்கள் வாங்கலாம் என்பது மற்றொன்று. ‘சின்னப் பிள்ளையிடம் வேலை வாங்க மனம் வரவில்லை, அவள் விளையாடட்டும்’ என்றும் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் நான் பலமுறை படித்தேன். எனக்கு உன் இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது நீ எழுதிய அந்த வரிதான்.

விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்த மூன்று ஆண்டுகளில் உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டில் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. பள்ளி விட்டு வந்ததும் அக்கா வாசல் பெருக்கி, தண்ணீர் எடுத்து, பாத்திரம் தேய்த்து, அம்மா வயலிலிருந்து திரும்பும் முன் உலையும் வைத்துவிடுவாள். அந்த நேரமெல்லாம் நான் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருப்பேன். அதை எவரும் தவறென்று நினைத்ததில்லை. சென்ற ஆண்டு அக்கா இங்கே வந்து தங்கியிருந்தபோது ஒரு மாலை இதைப் பற்றி அவளிடம் பேசினேன். “வேலை எனக்குப் பாரமாக இருந்ததில்லை, நீ விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகச் செய்ததுதான் பாரமாக இருந்தது” என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பிள்ளைகளில் பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. இந்த வீட்டில் ஒரு பிள்ளை வேலை செய்ய இன்னொரு பிள்ளை விளையாடும் நிலை ஒருநாளும் வரக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

மனைவிக்குக் காலைப் பணி உள்ள நாட்களில் அவள் ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு பள்ளி வண்டி வரும் எட்டேகால் வரை வீடு எங்கள் மூவர் கையில். பெரியவள் பாய்களைச் சுருட்டி, தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி, முந்தைய நாள் துவைத்த துணிகளை மடித்து வைப்பாள். சின்னவன் காலுறைகளுக்கு ஜோடி சேர்ப்பான்; பூண்டு உரிப்பான். அவன் நான்கு பல் உரிப்பதற்குள் நான் நாற்பது உரித்துவிடலாம் என்பது உண்மைதான். முதல் சில மாதங்கள் என் கை துறுதுறுத்தது. அவன் கையிலிருந்து பிடுங்கி முடித்துவிட்டால் போதும் என்று பலநாள் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. இருபது நிமிடம் முன்னதாக எழுந்துகொள்கிறேன். அவ்வளவுதான் இதற்கு நான் கொடுக்கும் விலை.

இது மொச்சைக் காலம் அல்லவா, நேற்று மாலை பிதுக்குப் பருப்புக் குழம்புக்காக ஊறவைத்த மொச்சையை ஒரு அன்னக்கூடையில் கொட்டி மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலோடு நிற்க, பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் என்பது உனக்குத் தெரியும். சின்னவனுக்கு அந்த அழுத்தம் இன்னும் பிடிபடவில்லை. ஒன்று நசுங்கும், அடுத்தது கூடத்தின் மறுமூலைக்குப் பாயும். பாய்ந்ததைத் தேடிக் குளிர்பெட்டியின் அடியில் கைவிட்டு எடுத்துவந்து, கழுவி, மறுபடியும் கூடையில் போடுவான். ஒரு மணி நேரத்தில் கால் படி பருப்புக்கூடத் தேறவில்லை. ஆனாலும் அவன் ஒருமுறைகூட ‘போதும்’ என்று சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது தன் தட்டில் விழுந்த ஒவ்வொரு பருப்பையும் எடுத்துப் பார்த்து, “இது நான் பிதுக்கினது” என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இதை வேலை என்பாயா, விளையாட்டு என்பாயா? அவனுக்கு அந்தப் பிரிவினையே தெரியாது. நாம்தான் அதைக் கற்றுக்கொடுக்கிறோம்.

கடையில் வாங்கும் கைவேலைப் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு பெரியவளின் பள்ளியில் விடுமுறைக்கு வீட்டு மாதிரி ஒன்று செய்துவரச் சொன்னார்கள். தெர்மாகோல், வண்ணத்தாள், பசை, மினுக்குத்தூள் எல்லாம் வாங்கிவந்து, அவள் உறங்கிய பிறகு இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து நானே செய்து முடித்தேன். பள்ளியில் அதற்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்த உறவினர் அதைப் பார்த்துப் பாராட்டியபோது, அவள் சிறிதும் தயங்காமல் “அது அப்பா செய்தது” என்றாள். குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. யாரோ ஒருவருடைய பொருளைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. அதன் பிறகு அப்படிப்பட்ட பொருள்களை நான் வாங்குவதில்லை.

இந்த ஆண்டு அவர்கள் செய்த கைவேலை கார்த்திகை மாவலி. மதுரைப் பக்கம் இதை நீ பார்த்திருக்கிறாயா என்று தெரியவில்லை. எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் கார்த்திகை என்றால் பிள்ளைகளுக்கு மாவலிதான். ஆண் பனையின் காய்ந்த பூக்களைத் தீயிட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுற்றி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொன்பொறியாகக் கொட்டும். பட்டாசுக்கு ஆகிற செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ஆனால் ஒரு மாத வேலை இருக்கிறது.

தீபாவளி முடிந்து கிராமத்துக்குப் போனபோது ஏரிக்கரைப் பனைகளின் அடியில் மூவருமாகப் பூப் பொறுக்கி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தோம். நுங்கும் பழமும் பெண் பனை தருவது, ஆண் பனை பூவோடு சரி என்று சொன்னேன். “அப்படியானால் மாவலி ஆண் பனையின் பழமா?” என்று பெரியவள் கேட்டாள், அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. சாக்கை மாடியில் தகரத்தின் கீழே வைத்திருந்தேன். புயலில் தகரம் பறந்து, சாக்கு முழுவதும் நனைந்து ஊறிவிட்டது. அதைச் சரியாக மூடிவைக்காதது என் தவறு. மழை விட்டதும் தூக்கி எறிந்துவிடலாம் என்றே நினைத்தேன். பெரியவள் விடவில்லை. பழைய செய்தித்தாள்களைக் கூடத்தில் பரப்பி, பூக்களைக் கொட்டிப் பரத்தி, மின்சாரம் வந்த மூன்றாம் நாளிலிருந்து மின்விசிறியின் கீழே காயவைத்தாள். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் புரட்டிவிட, சின்னவன் ஈரமான தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை விரிப்பான். எவரும் சொல்லி அவர்கள் செய்த வேலை அல்ல அது.

மின்சாரம் இல்லாத அந்த மூன்று இரவுகளிலும் அகல் விளக்கின் எதிரே உட்கார்ந்து கார்த்திகைக்குத் திரி திரித்தோம். பஞ்சை விரலால் இழுத்து நீட்டி, உள்ளங்கையில் துளி விபூதியைத் தொட்டுக்கொண்டு உருட்டினால் திரி வழுக்காமல் இறுகும். சின்னவனின் திரிகள் நடுவில் தொப்பையும் இருபுறம் நூலுமாக இருந்தன. எண்ணெய் ஊறியதும் அவையும் நன்றாகவே எரிந்தன.

இந்த ஆண்டு திருக்கார்த்திகை டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. அன்றும் மழை விடாததால் வாசலில் விளக்கு வைத்ததோடு சரி. மறுநாள் குப்பைக் கார்த்திகைக்குக் கிராமத்துக்குப் போனோம். கொல்லையில் குழி வெட்டிப் பூக்களைக் கொட்டித் தீ வைத்தோம். கங்கு பிடித்ததும் பச்சைத் தழையைப் போட்டு ஈரமண்ணால் மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் கரி மிஞ்சாது, எல்லாம் சாம்பலாகிவிடும். முதல் குழியை நான் அவசரப்பட்டுத் திறந்ததில் பாதி சாம்பலாயிற்று. இரண்டாவதை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் எங்களைத் தொடவிட்டாள். கரியை அம்மியில் பொடித்து, வெடித்துப் பொறி பறக்கச் சிறிது கல்லுப்பும் சேர்த்து நுணுக்கி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகளில் குழல்போலச் சுருட்டினோம். “இன்னும் இறுக்கு, தளர்ந்தால் பொட்டலமாக விழுந்துவிடும்” என்று அம்மா சொல்லச் சொல்ல, பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுத்துக் கட்டினாள். கரி அப்பிய அந்தச் சிறிய விரல்களின் மேல் அம்மாவின் சுருங்கிய விரல்கள் படிந்து முடிச்சைப் பிடித்துக் கொடுத்ததை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீயோடு பழகும் விளையாட்டு என்பதால் சில கட்டுப்பாடுகள் வைத்தேன். பருத்தி ஆடை மட்டும். கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுற்ற வேண்டும். மற்றவர்கள் பத்தடிக்கு அப்பால் நிற்க வேண்டும். சின்னவன் சுற்றக்கூடாது என்றதும் அழத் தொடங்கினான். தண்ணீர் வாளிக்கும் ஈரச்சாக்குக்கும் அவன்தான் காவல், அவன் ‘சரி’ என்று சொன்ன பிறகே எவரும் சுற்றத் தொடங்கலாம் என்றேன். அழுகை நின்றது. ஒவ்வொரு முறையும் வாளியை எட்டிப் பார்த்து, தண்ணீர் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கையை உயர்த்தி அனுமதி கொடுத்தான். நாற்பது ஆண்டுகளாக மாவலி சுற்றும் என் பெரியப்பா மகனும் அந்த அனுமதிக்குக் காத்து நின்றார்.

பெரியவளின் முறை வந்தபோது முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் கங்கு காற்றைப் பிடித்தது. அவளைச் சுற்றி ஒரு பொன்வளையம் எழுந்து, அதிலிருந்து பொறிகள் ஈரநிலத்தில் விழுந்து விழுந்து அவிந்தன. “மாவலியோ மாவலி!” என்று அவள் கத்திய குரல் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். வந்திருந்த அக்காவிடம் என் மாவலியை நீட்டினேன். சிறுவயதில் அதைக் கட்டுவதெல்லாம் அவள், சுற்றுவது மட்டும் நான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் வாங்கி, மாவலி அவியும்வரை சுற்றினாள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு மாவலி எதற்கு என்று நீ கேட்பாய், வேண்டாம்தான். அவளுக்கு முருங்கைக்கீரையை உருவக் கொடு. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கொடுத்து, அவள் தேய்க்கும் கோணல் சப்பாத்தியையும் கல்லில் போட்டு எடு. பழைய செய்தித்தாளில் கத்திக்கப்பல் செய்யக் கற்றுக்கொடு. அதை நீதானே எனக்கு விடுதியில் கற்றுக்கொடுத்தாய். வேலை முடிந்ததும் அவள் பார்க்கும்படி அதை மறுபடி சரிசெய்யாதே. அவள் மடித்த துணி கோணலாக இருந்தால் அப்படியே அலமாரியில் வை. பரிசு, காசு, நட்சத்திரம் எதுவும் வேண்டாம். அவள் செய்தது வீட்டில் பயன்பட்டது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

கோடை விடுமுறையில் நீங்கள் நால்வரும் இங்கு வர வேண்டும். பனங்காய் வண்டி செய்ய அப்போது காய் கிடைக்கும். கவட்டைக் கம்பு ஒன்றைப் பெரியவள் இப்போதே தேடி எடுத்துவைத்திருக்கிறாள். இத்துடன் பத்துத் திரிகள் அனுப்பியிருக்கிறேன். பெரியவள் திரித்தவை ஏழு, சின்னவன் திரித்தவை மூன்று. எது எவருடையது என்று பார்த்தாலே தெரியும். பொங்கலன்று உன் வீட்டில் ஏற்றிவிட்டு, சின்னவனுடையது எவ்வளவு நேரம் எரிந்தது என்பதை மறவாமல் எழுது. அவன் தினமும் கேட்பான்.

அன்புடன்,
உன் விடுதித் தோழன்.